பாதி வசனம்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. சித்தூர்

இன்று ஆராதனை முடிய ஒன்றரை மணி ஆகிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது. பாஸ்டர் சிரஞ்சீவி தெலுங்கில் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதைத் தமிழில் சொல்வேன். பத்து வருடமாக இதுதான் என் ஊழியம். எங்கள் சபையில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். தமிழ் ஜனங்கள் கதவோரப் பெஞ்சுகளில் உட்காருவார்கள். அவர்களில் வயதானவர்களுக்குப் பாஸ்டர் பேசுவது வெறும் சத்தம்தான். நான் பேசுவதுதான் பிரசங்கம்.

இன்றைய செய்தி குடும்பம். புருஷன் தலை, மனைவி சரீரம். தலை சொல்வதைச் சரீரம் கேட்காவிட்டால் அதற்குப் பெயர் பக்கவாதம் என்றார். தெலுங்குப் பக்கம் சிரித்தது. நான் தமிழில் சொன்னதும் தமிழ்ப் பக்கம் சிரித்தது.

முடிந்த பிறகு ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தலைய சாச்சிக்கினு பாஸ்டர் சொல்றத கேக்கறப்ப, பாக்கவே பக்தியா கீதும்மா."

எனக்கு இடது காது போய் ஏழு மாதம் ஆகிறது. பாஸ்டர் என் இடப்பக்கம் நிற்கிறார். தலையைத் திருப்பாவிட்டால் அவர் சொல்வது விழாது. காதில் அறைந்தவர் மேடைக்குக் கீழே கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். என் புருஷன் தேவேந்திரன். வாரநாட்களில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை சபையின் இசை ஊழியர். பிரசங்கத்துக்கு அடியில் மெல்லிசாக ஒரு ராகம் ஓடிக்கொண்டே இருக்கும், அவர்தான்.

அவர் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. சித்தூரிலேயே தெலுங்கு மீடியத்தில் படித்தவர். நான் பாலசமுத்திரத்துக்காரி. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டுக்குப் போய்ப் பத்தாவது வரை தமிழில் படித்தேன், அப்புறம்தான் தெலுங்கு. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். பார்த்தாலும் பிரசங்கக் குறிப்பு என்று நினைத்துக்கொள்வார்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. அதையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பிப்ரவரி 24, சனி

பாஸ்டர் போன் செய்து கூப்பிட்டார். சபைக்குப் பின்னால் இருக்கும் ஆலோசனை அறை. கன்னிகா உட்கார்ந்திருந்தாள். பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி சித்தூர் வந்து ஒன்றரை வருடம். தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. புருஷன் ரமணா டைல்ஸ் ஒட்டுகிறவன்.

"குடிச்சிட்டு வந்து வயித்துலயே ஒதைக்கிறாருக்கா. எனக்கு நாலு மாசம். எங்கம்மா வூட்டுக்குப் போயிட்றேன்னு பாஸ்டராண்ட சொல்லுங்கக்கா."

சொன்னேன். பாஸ்டர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபித்தார். பிறகு கேட்டார் - அவனுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு உண்டா? கன்னிகா இல்லை என்றாள். அப்படியானால் வேதம் உன்னைப் போகவிடவில்லை அம்மா என்றார். அந்த ஒரு காரணத்தைத் தவிர வேறெதற்கும் வாசல் கிடையாது. திரும்பிப் போ. எதிர்த்துப் பேசாதே. உன் அடக்கத்தைப் பார்த்து அவன் ஒருநாள் மனம் மாறுவான். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகாதே. போலீசு, கோர்ட்டு எல்லாம் அவிசுவாசிகளுக்கு.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவர் சொன்னதைவிட இதமாகச் சொன்னேன். 'கண்ணு' என்று நானே சேர்த்துக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்க இன்னா சொல்றீங்கக்கா?"

பாஸ்டர், "ஏமண்டுந்தி?" என்றார். என்ன சொல்கிறாள் அவள்?

ஜெபம் பண்ணிக்கொள்கிறாளாம் என்று சொல்லிவிட்டேன்.

பத்து வருடத்தில் நான் பொய்யாக மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

மார்ச் 3, ஞாயிறு

கன்னிகா ஆராதனைக்கு வந்திருந்தாள். முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க சொன்னா மாதிரியேதாங்க்கா இருக்கேன். ஒரு வார்த்த எதிர்த்துப் பேசறதில்ல."

நீங்க சொன்னா மாதிரி. பாஸ்டர் சொன்ன மாதிரி என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

அவர் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி நின்றுகொண்டிருந்தார். நான் அம்மாவோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் காரணம். இதுக்கு மேல காரணம் தேடி எழுதணும்னு நெனச்சா ஒண்ணும் வரல.

முதுகில்தான். வெளியே தெரியாது.

அவர் போன பிறகு என் மகள் தரணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்பது வயது. அவள் நடந்தால் சத்தமே கேட்காது. எங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீ கீழ்ப்படிஞ்சிட்டா அப்பா அடிக்க மாட்டாரு இல்ல? சண்டே ஸ்கூல்ல சொன்னாங்க" என்றாள்.

என்னைக் குறை சொல்லவில்லை. வழி சொல்லிக் கொடுத்தாள்.

சாயங்காலம் அவர் மல்லிகைப்பூவோடு வந்தார். என்னை முழங்கால் போடச் சொல்லித் தானும் போட்டார். இவளுக்கு அடக்கமான ஆவியைத் தாரும், எனக்குப் பொறுமையைத் தாரும் என்று அழுதார். அந்த அழுகை நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 19, செவ்வாய்

கன்னிகாவைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று காலையில் பாஸ்டரின் மனைவி போன் செய்தார். மொழி தெரியாத பெண், நீயும் வா என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம்.

பிரசவ வார்டு. குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. உள்ளே ரத்தக்கசிவு. முகமெல்லாம் வெள்ளைக் காகிதம் மாதிரி. டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். தெலுங்கில் என்னிடம், எப்படி அடிபட்டது, கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

கேட்டேன்.

கன்னிகா என்னைப் பார்த்தாள். என் பின்னால் நிற்கும் பாஸ்டரின் மனைவியைப் பார்த்தாள். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேங்க்கா."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

வழுக்கி விழுந்தாளாம் என்று தெலுங்கில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 21, வியாழன்

விடியற்காலை கன்னிகா செத்துவிட்டாள்.

மார்ச் 23, சனி

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகவில்லை என்பதால் போஸ்ட்மார்ட்டம் முடித்து நேற்று மத்தியானம்தான் உடலைக் கொடுத்தார்கள். இன்று அடக்கம். பாஸ்டர், கர்த்தருடைய சித்தம், நமக்குப் புரியாது என்றார். நான் தமிழில் சொல்ல வேண்டிய முறை வந்தபோது வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொன்னேன். சொல்லிட்டேனே. அதையும் சொல்லிட்டேனே.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

எல்லாரும் ஓலையைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டு போனோம். ஊர்வலம் முடிந்து வரும்போது சபை கேட்டருகே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கன்னிகாவின் அம்மா, வள்ளி. இந்து. சபைக்குள் வரவில்லை.

"நீதானம்மா எம் பொண்ணுக்குப் பேசன பொண்ணு?"

ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட போன்ல நல்லா கீறேன் நல்லா கீறேன்னே சொல்லிக்கினு இருந்துச்சி. உங்கிட்ட இன்னா சொல்லிச்சி?"

நான் கையிலிருந்த ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. ஏப்ரல் எட்டாம் தேதி திங்கட்கிழமை எம்.ஆர்.ஓ. ஆபீசில், அதாவது தாசில்தார் ஆபீசில், கன்னிகாவின் சாவைப் பற்றி மறுபடி விசாரணை வைத்திருக்கிறார்களாம். போன தடவை தெலுங்கில் ஏதோ எழுதிக் கைநாட்டு வாங்கினார்கள், என்னவென்று தெரியாது என்றாள்.

"அன்னிக்கி அவளுக்குப் பேசுன. எனக்கும் ஒரு தரம் வந்து பேசும்மா."

பின்னால் அவர் குரல் கேட்டது. "ரூபா."

போய்விட்டேன்.

மார்ச் 26, செவ்வாய். பாலசமுத்திரம்

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வந்தேன். அம்மா வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கமலம்மா என்றால் இந்தப் பக்கத்துச் சபையில் எல்லாருக்கும் தெரியும். செத்துப்போன என் அப்பா, எங்கள் நைனா முனிகிருஷ்ணன்தான் இந்த ஊரில் முதல் விசுவாசி.

வரப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காது, முதுகு, கன்னிகா. அம்மா மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல இந்த ஊர்ல நம்பள தெருவுக்குள்ளயே வுடமாட்டாங்க. சபைக்குப் போன அன்னிக்கிதான் ஒரு ஆளு என்ன 'வாங்கம்மா, உக்காருங்க'ன்னு சொன்னாரு. சேர்ல. அத்த வுட்டுட்டு நான் எங்கடி போவேன்? நீ பிரிஞ்சி வந்தா என்ன முன்னால உக்கார வெப்பாங்களா?"

அம்மாமேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலி அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு விலை என் முதுகா?

"பொறுத்துக்கினு போ" என்றாள். பஸ் ஏறினேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மூன்று மணி நேரம் சிலுவைப்பாடுகளை மொழிபெயர்த்தேன். ஏசுவைக் கன்னத்தில் அறைந்தார்கள் என்றபோது சபையே விம்மி அழுதது. அவரும் கீபோர்டில் தலை கவிழ்ந்து அழுதார்.

ஏப்ரல் 3, புதன்

தெலுங்கு வேதத்தையும் தமிழ் வேதத்தையும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தேன். குக்கர் நான்கு விசில் போனது தெரியவில்லை.

விவாகரத்து என்றாலே பாஸ்டர் எடுக்கும் வசனம் ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. மனைவியைத் தள்ளிவிடுவது கடவுளுக்கு வெறுப்பானது என்று. அதோடு அவர் நிறுத்திவிடுவார், நானும் நிறுத்திவிடுவேன். எத்தனை தடவை! ஆனால் வசனம் அங்கே முடியவில்லை. நடுவில் ஒரு அரைப்புள்ளிதான் இருக்கிறது. அதற்கப்புறம், கொடுமையை உடுப்பு மாதிரிப் போட்டுக்கொண்டு திரிகிறவனைப் பற்றி வருகிறது. தமிழில் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. தெலுங்கில் பளிச்சென்று இருக்கிறது. இதுவும் கடவுளுக்கு வெறுப்பு என்று, முன்பாதிக்குப் போட்ட அதே வார்த்தையைப் போட்டிருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பகுதி முழுவதும் ஆண்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. கட்டினவளை வெளியே துரத்தாதே என்று அவர்களுக்குச் சொன்னது. அதை எடுத்து, தப்பித்து ஓட நினைக்கிற பெண்ணுக்கு முன்னால் கதவாகச் சாத்தியிருக்கிறோம். கன்னிகாவுக்கு முன்னால் சாத்தினோம். தாழ்ப்பாள் போட்டது என் கை.

ஏப்ரல் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இப்போது எழுத முடியவில்லை. விரல் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள். திருப்பதி

உதயா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இன்டரில், அதாவது பன்னிரண்டாவதில், கூடப் படித்தவள், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தரணி அவள் கட்டிலில் தூங்குகிறாள். உதயா விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டாள், இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

நேற்றைய செய்தி விவாகரத்து. கன்னிகா பெயரைப் பாஸ்டர் சொல்லவில்லை. சில பேர் சபைக் காரியத்தைக் கோர்ட்டுக் கச்சேரிக்கு இழுக்கப் பார்க்கிறார்கள், குடும்பங்களை உடைக்கிற ஆவி ஊருக்குள் வந்திருக்கிறது என்றார். அப்புறம் அந்த வசனம். வழக்கமான இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

முதல் பாதியைத் தமிழில் சொன்னேன். நிறுத்தவில்லை. மறுபாதியையும் சொன்னேன். கொடுமையை உடுப்பாகப் போட்டுக்கொண்டு வருகிறவனையும் கடவுள் அதே அளவுக்கு வெறுக்கிறார் என்று சொன்னேன். கதவோரப் பெஞ்சுகளைப் பார்த்துத்தான் சொன்னேன். தொடர்ந்து, பிப்ரவரி மாதம் கன்னிகா இந்தச் சபைக்கு வந்து புருஷன் தன் வயிற்றில் உதைக்கிறான் என்று சொன்னாள், திரும்பிப் போகச் சொன்னது எங்கள் வாய் என்றும் சொல்லிவிட்டேன்.

தமிழ்ப் பக்கம் அசையவில்லை. தெலுங்குப் பக்கம் ஒன்றும் புரியாமல் அடுத்த வாக்கியத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. கீபோர்டு நின்றுவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியுமே.

பாஸ்டர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, என்னம்மா சொன்னாய், நான் அவ்வளவு சொல்லவில்லையே என்றார். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து மீதியைச் சொன்னேன் அய்யா என்றேன். மேடையை விட்டு இறங்கினேன்.

என் புருஷன் எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தார். கதவைச் சாத்திவிட்டு, "எம் முன்னாடியே என்னப் பத்தி மேடையில சொல்றியா?" என்றார். நான் அவர் பெயரைச் சொல்லவே இல்லை. வசனத்தில் அவரே தன்னைப் பார்த்துக்கொண்டார்.

இந்தத் தடவை வலது காதுக்கு வந்தது கை. என் கையால் மூடிக்கொண்டேன். மோதிர விரல் முறிந்தது. தரணி சமையலறை வாசலில் நின்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் வெளியே வரக்கூடாது என்று. அதைப் பார்த்ததும் எனக்குள் எல்லாம் ஓய்ந்துபோயிற்று. பயமும்தான்.

இன்று காலை அவர் ஃபேக்டரிக்குப் போனதும் சர்டிபிகேட்டுகள், தரணியின் புத்தகங்கள், நான்கு துணி. நேராக எம்.ஆர்.ஓ. ஆபீஸ். வள்ளியம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். என் விரலைப் பார்த்தாள், தரணியைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு பிஸ்கெட் பாக்கெட்டை எடுத்துத் தரணியிடம் கொடுத்தாள்.

உள்ளே வள்ளியம்மா சொன்னதையெல்லாம் தெலுங்கில் சொன்னேன். அது முடிந்ததும், என் வாக்குமூலமும் இருக்கிறது என்றேன். கன்னிகா என்னிடம் சொன்னது, நான் அவளிடம் சொன்னது, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னது.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது நீங்கள்தானே? அன்றைக்குப் பொய்யா, இன்றைக்குப் பொய்யா?"

அன்றைக்கு அவள் சொன்னதைச் சொன்னேன், இன்றைக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். முன்பே சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்றும் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போட விரல் மடங்கவில்லை. பெருவிரல் ரேகை வைத்தேன். வள்ளியம்மாவின் ரேகைக்குக் கீழே.

ஏப்ரல் 11, வியாழன்

உதயா காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். இடது காது இனித் திரும்பாதாம். வலது நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

இத்தனை வருடத்தில் சபைக்குப் போகாத இரண்டாவது ஞாயிறு. தரணி காலையில் எழுந்து தானாகவே கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் போகவில்லை என்றேன். கழற்றி மடித்து வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த மறுபாதி வசனத்தைக் கண்டுபிடித்ததும் எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது! இப்போது யோசித்தால் அதுவே உறுத்துகிறது. அந்த அரைப்புள்ளிக்கு அப்புறம் ஒன்றும் இல்லாமல் போயிருந்தால்? அடி வாங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டியவளா நான்? கன்னிகா செத்தது நியாயம் என்று ஆகிவிடுமா? ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னால், அது சரியா என்று பார்க்கப் புத்தகத்தைத் திறக்கிற பழக்கத்தை எங்களுக்கு யார் கொடுத்தார்கள்?

கடவுளிடம் இதைக் கேட்டேன். ஜெபம் என்று சொல்ல முடியாது. சண்டை.

மே 4, சனி

வந்தார்கள். பாஸ்டரும் அவரும். உதயா டூட்டியில் இருந்தாள். கதவைத் திறந்தே வைத்துப் பேசினேன்.

அவர் இளைத்திருந்தார். "தரணிய பாக்காம இருக்க முடில. சாப்பாடே எறங்கல. வா, போலாம். இனிமே தொட மாட்டேன்."

எத்தனையாவது தடவை என்று நான் கேட்கவில்லை. தரணி என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள், அவள் நகங்கள் என் ஜாக்கெட்டில் பதிந்திருந்தன.

பாஸ்டர் தெலுங்கில் ஆரம்பித்தார். மன்னிப்பதற்குக் கணக்கு இல்லை அம்மா. கடவுள் முன்னால் சேர்ந்ததைக் கோர்ட்டு பிரித்தாலும் அது பிரியாது. நீ வேறு எங்கே வாழ்ந்தாலும் அவர் மனைவிதான்.

"கன்னிகாவும் மன்னித்தாள் அய்யா" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அவள் சாவுக்கு நானா காரணம்? எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தானே சொன்னேன்?" கண் சிவந்து நீர் வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. நைனா செத்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்து எல்லாம் பார்த்தவர்.

"நானும் அப்படித்தான் அய்யா. எனக்குச் சொன்னதைத்தான் நான் சொன்னேன். அதனால் என் தலை தப்பவில்லை. உங்கள் தலையும் தப்பாது."

கீழே தெருவில் மலைக்குப் போகிற ஜீப்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் எழுந்தார். வழக்கமாகக் கிளம்பும்போது ஜெபிப்பார். இன்று ஜெபிக்கவில்லை.

பின்னால் போன என் புருஷன் படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பூ வாங்கி வருவதற்கு முந்தினது.

உதயா வந்ததும் வக்கீல் நம்பர் கேட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

சபையிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்களாம். இன்று ஆராதனையில் அறிவித்திருக்கிறார்கள். கீழ்ப்படியாமை என்று காரணம். கதவோரப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் போன் செய்து சொன்னாள். தமிழில் அதை யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"தேவேந்திரன் அண்ணன்தான் சொன்னாரு. நீங்க போனதுலேந்து அவருதான் மொழிபெயர்க்கறாரு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, அன்னிக்கி நீங்க சொன்ன வசனம் எந்தப் பக்கத்துல கீது?" என்றாள். சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

கைதாகியிருந்த கன்னிகாவின் புருஷன் ரமணா ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வள்ளியம்மா போனில் சொன்னாள். "வரட்டும். கேஸ் கீது இல்ல" என்றாள். நான்தான் அழுதேன்.

நவம்பர் 18, திங்கள்

சித்தூர் கோர்ட்டு. என் விவாகரத்து கேஸில் இது மூன்றாவது வாய்தா. அவர் பதில் மனு போட்டிருக்கிறார். மனைவியோடு சேர்ந்து வாழவே விரும்புகிறேன், எங்கள் மதத்தில் விவாகரத்து இல்லை, மனைவிக்கு மனநிலை சரியில்லை, மேடையிலேயே பிதற்றினாள் என்று. பாஸ்டரின் கடிதத்தையும் இணைத்திருக்கிறார்.

சட்டத்தில் கொடுமைக்கு விவாகரத்து உண்டு என்று என் வக்கீல் அம்மா சொன்னார். கிறிஸ்தவப் பெண்களுக்கும் உண்டாம், இருபது வருடத்துக்கு மேலாகவே. இருபது வருடம்! நான் மேடையில் நின்ற அத்தனை ஞாயிறும் அது இருந்திருக்கிறது.

காரிடாரில் என்னைக் கடந்து போகும்போது, சபைக்காரர்கள் நான்கு பேர் பார்க்க, அவர் "கர்த்தர் உன்ன மன்னிப்பாரு" என்றார். இடப்பக்கமாகச் சொன்னார். பாதிதான் கேட்டது.

2025 ஜனவரி 16, வியாழன்

அம்மா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், வேர்க்கடலை மூட்டையோடு. நான் இப்போது உதயாவின் ஆஸ்பத்திரியிலேயே விசாரணைக் கவுன்ட்டரில் இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நோயாளிகளுக்கு டாக்டர் சொல்வதைச் சொல்ல வேண்டும். அம்மா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானம் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையைப் பார்த்தாள். தரணிக்குத் துன்னக் கொடுத்தாள். திரும்பி வா என்றும் சொல்லவில்லை, இங்கேயே இரு என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸ்டாண்டில், வண்டி கிளம்பப்போகும் சமயம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்க நைனாவும் அடிச்சிக்கினுதான் இருந்தாரு. நீ பள்ளிக்கூடம் போன நேரமா பாத்து. உங்கிட்ட சொல்லல. சொல்லி இருக்கணும்."

வண்டி போய்விட்டது. அங்கேயே நின்றேன்.

ஊரின் முதல் விசுவாசி.

பிப்ரவரி 21, வெள்ளி

கோர்ட்டில் சாட்சி சொன்னேன். இரண்டு மணி நேரம். அவருடைய வக்கீல் கேட்டார்: உங்கள் வேதப்படி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நீங்களே நூறு தடவை மேடையில் சொல்லியிருக்கிறீர்களே?

சொன்னேன் என்றேன்.

அப்போது அது உங்கள் நம்பிக்கையா?

ஆமாம் என்றேன். இப்போது? என்றார். ஒரு பெண் செத்துவிட்டாள் சார் என்றேன். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எங்கிருந்தோ பாட்டுச் சத்தம் வந்தது. தரணி கூடவே முணுமுணுத்தாள். பாடு, பரவாயில்லை என்றேன். எனக்கும் வரிகள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. பாட வரவில்லை. அவரை விட்டுவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஏசுவைச் சொல்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

தீர்ப்பு வந்தது. விவாகரத்து கொடுத்துவிட்டார்கள். தரணி என்னோடு. அவர் ஹைகோர்ட்டுக்குப் போவாராம். போகட்டும். வக்கீல் அம்மா கை கொடுத்தார். சந்தோஷம் என்று எழுத நினைத்தேன். சந்தோஷம் இல்லை. ரொம்ப நேரம் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தால் கை கொஞ்ச நேரம் நடுங்குமே, அப்படி இருக்கிறது.

கன்னிகாவின் கேஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எனக்குச் சம்மன் வரும்.

ஜூன் 12, வியாழன்

இன்று பள்ளி திறந்தது. தரணிக்குப் புதுப் பள்ளி. காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூப்பிட்டேன். இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்ட வேண்டும், அதுதான் சட்டம்.

"வேணாம். ஒத்த சடதான்" என்றாள்.

"ஸ்கூல்ல திட்டுவாங்க. சொன்னா கேளு."

"கேக்க மாட்டேன்!"

கத்தினாள். என் மகள் கத்தி நான் கேட்டதே இல்லை. பக்கத்து அறையில் ரேடியோவைக் குறைத்தார்கள். கத்திய அடுத்த நொடி அவளே உறைந்துபோனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சீப்பு பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

நானும் என் கையைப் பார்த்தேன்.

சீப்பைத் தரையில் வைத்தேன். "சரி, ஒத்த சட" என்றேன்.

தரையில் கிடந்த சீப்பைப் பார்த்தாள். பிறகு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்து, ரிப்பன் கலர் நல்லா இல்ல, அதுவும் வேணாம் என்றாள். ஷூ கடிக்குது என்றாள். சோத்துல உப்பு இல்ல என்றாள். ஆட்டோ வரும் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.